நாலே முக்கால் மில்லிமீட்டர்

நெமிலிச்சேரி ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் என் தாய்மாமாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சக்கரத்துக்குச் செங்கல் அணை வைத்து, பல வருஷமாக நின்றுகொண்டிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொட்டகைக்குள் அச்சு முங்கும் அளவுக்குத் தண்ணீர். வடிந்த பிறகு, பேட்டரி மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, எப்படியோ இன்ஜினை உசுப்பிவிட்டார்கள். சத்தம் வந்தது, புகை வந்தது, மாமாவுக்குக் கண்ணீரும் வந்தது. ஒரு சுற்று போய் வரலாம் என்று சாவியை எடுத்துவிட்டார்.

மெக்கானிக் விடவில்லை. வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்து, சேசிஸ் ஓரமாக ஓடும் மெல்லிய குழாய் ஒன்றின் கிளிப்பைத் திருப்புளியால் நெம்பினார். கிளிப்போடு குழாயின் தோலும் செதில் செதிலாக உரிந்து வந்தது.

"வெளிய பார்த்தா பைப்பு, உள்ள பார்த்தா சல்லடை சார். ஓடுறது பெருசில்ல, நிக்கணும்ல?"

அந்தப் பிரேக் பைப்பின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கில் மூன்றின்கீழ் பதினாறு. சுவர்க் கனம் 0.7 மில்லிமீட்டர்தான், உள்ளே துவாரம் 3.35 மில்லிமீட்டர். பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவே. பழைய கார் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கிறார்கள், குரோமியத்தைத் தடவுகிறார்கள், இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுக்கிறார்கள். இந்தக் குழாயைக் குனிந்து பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவர். நானும் அதுவரை பார்த்ததில்லை.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக 1959இல் வந்தது. உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. இங்கே 1961இலிருந்து, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலை அதைத் தயாரித்தது. இன்று நெமிலிச்சேரியிலிருந்து வெளிவட்டச் சாலையில் ஏறினால் ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் வண்டலூர். வண்டி பிறந்த ஊரையும் அது ஓய்ந்து கிடந்த ஊரையும் ஒரே சாலை இணைக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சாலைதான் இல்லை. பூந்தமல்லி வழியாகச் சுற்றித்தான் மாமா வந்திருக்கிறார்.

சரி, இந்த ரீஃபில் குழாய்க்குள் என்ன நடக்கிறது? பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். அடைபட்ட திரவத்தின் ஒரு முனையில் அழுத்தம் கொடுத்தால் அது குறையாமல் எல்லா முனைக்கும் போய்ச் சேரும். விதி 17ஆம் நூற்றாண்டில் வந்துவிட்டது. அதைச் சக்கரத்தில் கொண்டுபோய்ப் பொருத்த இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. விமானம் கட்டிக்கொண்டிருந்த லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவரான மால்கம் 1917இல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் டியூசன்பர்க் கார் நாலு சக்கரத்திலும் அதைப் பொருத்தியது. அதற்கு முன்பு கம்பியும் தண்டும் வைத்து இழுத்துத்தான் பிரேக். நாலு சக்கரமும் ஒரே மாதிரி இழுபடுவது அபூர்வம். வண்டி ஒரு பக்கம் திரும்பிக்கொண்டேதான் நிற்கும்.

கணக்கு ஒன்று போடலாம். காலால் 30 கிலோ எடைக்கு மிதிக்கிறோம். பெடல் ஒரு நெம்புகோல். பலத்தை அது ஐந்து மடங்காக்கினால் 150 கிலோ. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம் என்று வைத்தால் அதன் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 50 கிலோவுக்கு மேல். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. அதாவது சாதாரணமாக மிதிக்கும்போதே டயரைப் போல 25 மடங்கு அழுத்தம். குறுக்கே எருமை வந்து, பதறி, 60 கிலோ பலத்தில் மிதித்தால் 100 கிலோவைத் தாண்டும்.

புதுக் குழாய்க்கு இது ஒரு பொருட்டே அல்ல. 100 கிலோ அழுத்தத்தில் அந்த 0.7 மில்லிமீட்டர் எஃகுச் சுவர் ஏற்கும் இழுவிசை, அந்த எஃகு தாங்கக்கூடியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். செய்தவர்கள் அவ்வளவு தாராளமாகச் செய்திருக்கிறார்கள். வம்பு எங்கே என்றால், துரு சுவரை ஒரே சீராக அரிப்பதில்லை. ஆறு அடி நீளக் குழாயில் ஐந்தே முக்கால் அடி அப்படியே இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் மிளகளவு குழி. அந்தக் குழிக்கடியில் 0.1 மில்லிமீட்டர் உலோகம்தான் மிச்சம் என்றால், அங்கே இழுவிசை ஏழு மடங்காகிவிடுகிறது. குழியின் விளிம்பிலோ இன்னும் கூடுதல். மெதுவாக மிதித்துப் பார்க்கும் வரை குழாய் பிடிவாதமாகத் தாங்கும். கொட்டகைக்குள் மிதித்துப் பார்த்து "பிரேக் கல்லு மாதிரி இருக்கு" என்று மாமா சொன்னதில் பொய் இல்லை. எருமை வரும் நாளன்றுதான், அழுத்தம் இரண்டு மடங்காகும் அந்த அரை வினாடியில்தான், குழாய் விட்டுக்கொடுக்கும்.

அந்தக் குழி ஏன் கிளிப்புக்கடியில் விழுந்தது? காற்றும் நீரும் படும் இடம்தான் துருப்பிடிக்கும் என்று நினைப்போம். ஓட்டு வீட்டு ஜன்னல் கம்பியை நினைத்துப் பாருங்கள். நடுவில் பளபளவென்று இருக்கும். மரச்சட்டத்துக்குள் நுழையும் இடத்தில்தான் இற்றுப்போய் நூலாகி நிற்கும். இடுக்கில் தேங்கிய நீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. இடுக்குக்கு வெளியே உள்ள நீரில் ஆக்சிஜன் தாராளம். ஒரே இரும்பில் இப்படி இரண்டு நிலை ஏற்பட்டால் அது ஒரு குட்டி பேட்டரி. ஆக்சிஜன் இல்லாத பக்கம்தான் அதில் எதிர்மின் துகள்களை இழந்து கரைகிறது. துருவின் தூள் வெளியே தெரியும். இரும்பு போவது உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஹெரால்டில் அந்தக் கிளிப்புகள் சேசிஸ் நெடுக. மழைக்காலத்துச் சேறு ஒவ்வொரு கிளிப்பின் முதுகிலும் ஈரத் துணி போலப் படிந்து, சித்திரை வரை காயாது. ஏரிகள் சூழ்ந்த இந்தப் பக்கத்தில் காற்றே ஈரம்தான்.

இது வெளியிலிருந்து வந்த தண்ணீர். உள்ளேயும் தண்ணீர் இருந்தது. எனக்கு வியப்பாக இருந்த விஷயம் அதுதான்.

எல்லாரும் 'பிரேக் ஆயில்' என்கிறோம். அது ஆயிலே அல்ல. கிளைகால் ஈதர் வகைத் திரவம். தண்ணீரோடு இரண்டறக் கலக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டப்பா மூடியைத் திறந்து வைத்தால் மழை நாளில் அப்பளம் நமத்துப்போவது மாதிரி நமத்துப்போகும். மூடி வைத்தாலும் மாஸ்டர் சிலிண்டர் மூடியிலுள்ள காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். ரப்பர் நீர் புகாதது என்பது நம் நினைப்பு. வருஷக் கணக்கில் பார்த்தால் அதுவும் ஒரு வடிகட்டித் துணிதான்.

இப்படித் தண்ணீர் குடிக்கும் சரக்கை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? குடிக்காவிட்டால் இன்னும் மோசம். உள்ளே வரும் ஈரம் கலக்காமல் நின்றால் பள்ளமான இடத்தில் சொட்டாகத் தேங்கும். அந்த ஒரு சொட்டு, சூடான சக்கரத்துப் பக்கம் இருந்தால் 100 டிகிரியில் கொதித்துவிடும். குழாயை அந்த ஒரே இடத்தில் அரித்துவிடும். கலந்துவிட்டால் கெடுதல் பரவலாகி, மெதுவாகி, கெடு வைத்து மாற்றத் தோதாகிறது. தண்ணீரை அண்டவிடாத சிலிகான் திரவமும் உண்டு, டாட் 5 என்று விற்கிறார்கள். பழைய கார்க்காரர்களில் அதற்கு ஒரு கட்சியே இருக்கிறது. சிந்தினால் பெயிண்ட் உரியாது என்பது அவர்கள் வாதம். பெயிண்டுக்காக, தண்ணீர் சொட்டாகத் தேங்குவதை ஏற்க எனக்கு மனசில்லை.

ஆரம்ப காலப் பிரேக் திரவம் எது தெரியுமா? ஆல்கஹால் கலந்த விளக்கெண்ணெய். அன்றைக்கு ரப்பர் என்றால் மரத்து ரப்பர்தான்; பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊறி உப்பி வெண்ணெயாகிவிடும். ஆமணக்கு எண்ணெய் பட்டால் ஒன்றும் ஆகாது. நம் ஊரில் ஒருவரைத் திட்டப் பயன்படும் பொருள், ஆரம்ப கால ஹைட்ராலிக் கார்கள் பலவற்றை நிறுத்திக்கொண்டிருந்தது. மரத்து ரப்பர் போய்ச் செயற்கை ரப்பர் வந்த பிறகும் அந்தப் பழைய எச்சரிக்கை மாறவில்லை. பிரேக் டப்பாவில் இன்ஜின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஒரு மூடி விழுந்தாலும், சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் அத்தனையும் உப்பிப்போகும். "அவசரத்துக்குத்தானே" என்று ஊற்றியவர்கள் பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு வீல் சிலிண்டர் வரை எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறார்கள்.

தண்ணீர் கலந்தால் என்ன குறைகிறது என்பதற்கு எண்ணே இருக்கிறது. புது டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, 155. பிரேக் அவ்வளவு சூடாகுமா என்று கேட்கலாம். ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நின்றால் வெளிப்படும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 63 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதும். ஏற்காடு இறக்கத்தில் 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. ஒவ்வொன்றுக்கும் முன்பு ஒரு மிதி. சூடு டிரம்மிலிருந்து வீல் சிலிண்டருக்கு ஏறி, நமத்துப்போன திரவம் கொதித்தால் குமிழி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிக்கிற பலமெல்லாம் குமிழியை நசுக்கவே செலவாகி, பெடல் தரையைத் தொடும். கீழே வந்து வண்டியை ஓரங்கட்டி டீ குடித்துவிட்டுப் பார்த்தால் பிரேக் சரியாக இருக்கும், ஆவி மறுபடி திரவமாகியிருக்கும். "பிரேக் ஃபெயிலியர்னு சொன்னீங்களே, நல்லாத்தானே இருக்கு?" என்று மெக்கானிக் கேட்கும் வண்டிகள் பலவற்றின் ரகசியம் இது.

புது கார்களில் பிரேக் குழாய் இரண்டு தனித்தனி வட்டம். ஒன்று போனாலும் இரண்டு சக்கரமாவது பிடிக்கும். ஹெரால்டு காலத்தில் ஒரே வட்டம். ஏதோ ஒரு மூலையில் ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் போய்விடும். மிச்சம் கைப் பிரேக்தான். அது கம்பி வழியே பின் சக்கரத்தைப் பிடிப்பதால் தப்பிக்கும். பழைய டிரைவர்கள் சிக்னலில் கைப் பிரேக்கை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொள்வது பழக்கதோஷம் அல்ல.

வேலையைத் தொடங்கியதும் முதல் தகராறு நட்டோடு. குழாயின் நுனியில் இருக்கும் நட், அறுபது வருஷத் துருவில் குழாயோடு ஒட்டிப் பிறந்த மாதிரி ஆகியிருந்தது. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொள்ளும். சாதாரண ஸ்பேனர் நட்டின் இரண்டு முகத்தை மட்டும் பிடித்து முனையை மழுக்கிவிடும். நட்டின் ஐந்து முகத்தைப் பிடிக்கிற, வாயில் சின்ன வெட்டு உள்ள ரிங் ஸ்பேனர் இதற்கென்றே இருக்கிறது. எங்கள் மெக்கானிக்கிடம் அது இல்லை. பழைய ரிங் ஸ்பேனர் ஒன்றைக் கிரைண்டரில் வாய் பிளந்து அவரே செய்துகொண்டார். கடையில் வாங்குவதைவிட அது கெட்டியாக இருந்தது.

கழற்றிய குழாய்களைத் தூக்கி எறியவில்லை. வளைவு மாறாமல் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். முன் இடது, முன் வலது, பின்னால் போகும் நீளக் குழாய், அங்கிருந்து பிரியும் இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் சணல் நூலைப் பதித்து அளவு எடுத்து, நூலைவிட அரை அடி கூடுதலாகப் புதுக் குழாயை வெட்டினார். மாட்டிவைத்த அந்தத் துருப்பிடித்த கம்பிகள் ஏதோ நவீன சிற்பம் மாதிரி இருந்தன. மாமா போட்டோ எடுத்துக்கொண்டார்.

எந்த உலோகம் என்பதில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. ஏசி வேலை பார்க்கும் பையன் ஒருவன், "காப்பர் பைப் சுருள் வீட்ல இருக்குண்ணே, துரு கிட்டவே வராது" என்றான். நல்ல மனசு, தப்பான யோசனை. ஏசிக்கான செம்புக் குழாய் மென்மையானது. வண்டியின் அதிர்வில் செம்பு நாளுக்கு நாள் இறுகும், இறுகியது விரிசல் விடும். செப்புக் கம்பியை ஒரே இடத்தில் பத்துத் தடவை முன்னும் பின்னும் வளைத்தால் பட்டென்று ஒடிவது இதனால்தான். பழைய எஃகுக் குழாய் வேறு ரகம். பண்டி டியூப் என்பார்கள். மெல்லிய எஃகுத் தகட்டைச் சுருட்டி இரட்டைச் சுவராக்கி, செம்பை உருக்கி ஒட்ட வைத்தது. பலம் உண்டு, துருவும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: 90 சதவீதம் செம்பும் 10 சதவீதம் நிக்கலும், கூடச் சிறிது இரும்பும் சேர்ந்த உலோகக் கலவை. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் பயன்பட்டது. வால்வோ நிறுவனம் 1976இலிருந்து தன் கார்களின் பிரேக் குழாய்க்கு அதைப் போட்டது. துருப்பிடிக்காது, கையால் வளைக்கலாம், செம்பு மாதிரி சீக்கிரம் இறுகி ஒடியாது. விலைதான் எஃகைவிட அதிகம். ஒரு வண்டிக்கு மொத்தமே சில மீட்டர். பெயிண்டுக்குக் கொட்டுகிற பணத்தில் இது மூலைக்கு.

குழாய்களுக்குப் பேர்போன பக்கம்தான் இது என்பது வேடிக்கை. 1955இல் தொடங்கிய டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா பக்கத்து ஊரான ஆவடியில். பிரேக்ஸ் இந்தியா 1962இலிருந்து அம்பத்தூர் தாண்டிப் பாடியில். ஆனாலும் பழைய வண்டிக்கு நாலு நட் வேண்டும் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோதான் ரயில் ஏற வேண்டியிருந்தது. நாலு கடை ஏறி இறங்கி, மரை பொருந்துகிறதா என்று பழைய நட்டை மாட்டி மாட்டிப் பார்த்து வாங்கினோம். இந்த மரை அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் மரை நட்டை வைத்தால் இரண்டு சுற்று வரை சமத்தாக ஏறும், மூன்றாவது சுற்றில், குழாய்களை இணைக்கும் பித்தளை யூனியனின் மரையைத் தின்றுவிடும்.

இனி ஃப்ளேர். இந்த வேலையின் உயிர் இதில்தான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 100 கிலோ அழுத்தம் உள்ள இணைப்பில் வாஷர் கிடையாது, பசை கிடையாது, டெஃப்லான் டேப் கிடையாது. உலோகம் உலோகத்தின் மேல் உட்கார்ந்தே கசிவை அடைக்கிறது. அதற்குக் குழாயின் வாயைப் புனல் போல விரிக்க வேண்டும். ஒற்றையாக விரித்தால் விளிம்பு மெலிந்து கீறிவிடும். ஆகவே வாயை முதலில் உள்பக்கமாகக் காளான் குடை போல மடித்து, பிறகு கூம்பு வைத்து அழுத்தி, சுவரை இரண்டு மடிப்பாகப் புனலாக்க வேண்டும். வேட்டிக் கரையை மடித்துத் தைப்பது மாதிரி.

குழாயை அறுப்பதற்கு ரம்பம் கூடாது, உருளும் கட்டர்தான். அறுத்த வாயில் உள்பிசிறை வழித்தெடுக்க வேண்டும். ஃப்ளேர் அடிக்கும் முன் நட்டை மறக்காமல் நுழைக்க வேண்டும். எங்கள் மெக்கானிக்கே ஒரு தடவை மறந்தார். அழகான ஃப்ளேர் அடித்து முடித்துவிட்டு, நட் மேஜை மேல் இருப்பதைப் பார்த்து, ஒரு நிமிஷம் பேசாமல் நின்று, அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். அடித்த ஒவ்வொரு ஃப்ளேரையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா, கூம்பின் மேல் மயிரிழைக் கோடு உண்டா. பத்தில் மூன்று குப்பைக்குப் போயின. நட்டை இறுக்குவதிலும் நிதானம் வேண்டும். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் புனல் நசுங்கி, கசிவு நிரந்தரமாகும்.

சேசிஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இடத்தில் குழாய் வளைந்து நெளிய வேண்டும், அங்கே ரப்பர் ஹோஸ். அது வெளியே பார்க்கக் கறுப்பாக, கட்டியாக, நன்றாகவே இருந்தது. மெக்கானிக் பிளேடால் குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்தோல் வீங்கி, துவாரம் குண்டூசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இதில் ஒரு விபரீதம் உண்டு. மிதிக்கும்போது பலமான அழுத்தம் இந்தச் சின்ன ஓட்டையையும் தாண்டிப் போய்விடும். காலை எடுத்த பிறகு திரும்பிவர அழுத்தம் இருக்காது. சக்கரம் பிரேக் பிடித்தபடியே உருளும், டிரம் கொதிக்கும். வண்டி இழுவையாக இருக்கிறது என்று கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

பெட்ரோல் குழாய் வேறு குணம். பிரேக் குழாயில் 100 கிலோ என்றால் இங்கே கால் கிலோ கூட இல்லை. டிக்கிக்குள் இருக்கும் டேங்கிலிருந்து முன்னால் இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்ப் வரை உறிஞ்சல்தான். உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் இந்தப் பாதியில் ஓட்டை விழுந்தால் ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வண்டி திக்கித் திக்கிப் பேசும் மனுஷன் மாதிரி போகும். பம்ப்பைத் தாண்டிய பிறகு கதை மாறுகிறது. அங்கே ஓட்டை என்றால் பெட்ரோல் வெளியேதான், அதுவும் சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில். சாலையோரம் எரிந்து நிற்கும் பழைய கார்களைப் பார்க்கும்போது அந்தக் கடைசி ஒரு முழ ரப்பர் ஹோஸ்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

அந்த ஹோஸுக்குப் புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது. ஹெரால்டு ஓடிய நாளில் பெட்ரோல் வெறும் பெட்ரோல். இன்று பங்கில் ஊற்றுவதில் எத்தனால் இருக்கிறது. நாடு முழுவதும் 10 சதவீதம் என்ற இலக்கு 2022இல் எட்டப்பட்டது; 20 சதவீதம் கலந்தது 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் மூலக்கூறு சின்னது, பழைய ரப்பருக்குள் சுலபமாக நுழையும். ரப்பரை வளைந்துகொடுக்க வைத்திருந்த எண்ணெய்ப் பொருள்களை வெளியே கரைத்துக்கொண்டு வரும். தினமும் ஓடும் வண்டியில் ஹோஸ் ஊறியே இருப்பதால் ஓரளவு தாங்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஊறும், காயும், ஊறும், காயும். காயும் ஒவ்வொரு முறையும் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பழைய கார்கள் எல்லாமே நிற்கும் வண்டிகள்தான். 50 வருஷம் தாண்டியதை விண்டேஜ் என்று பதிவு செய்தால் தினசரி ஓட்டவே கூடாது என்பது 2021 விதி. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும் மட்டும் எடுக்கலாம். விதி சரியோ தப்போ, ஹோஸுக்கு அது நல்லதல்ல.

பிரேக் திரவம் மாதிரியே எத்தனாலும் தண்ணீர் குடிக்கும். வெறும் பெட்ரோலில் தண்ணீர் அநேகமாகக் கரையாது. 10 சதவீத எத்தனால் இருந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி வரை கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இன்ஜினுக்குப் போய் எரிந்துவிடும். இது ஒரு வகையில் உபகாரம். அந்த அளவைத் தாண்டினால்தான் விவகாரம்: தண்ணீர் எத்தனாலையும் கையோடு கூட்டிக்கொண்டு டேங்கின் அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். குழாய் உறிஞ்சும் இடமும் அதே அடிதான். எஃகுக் குழாயும், கார்புரேட்டரின் துத்தநாகக் கலவையும் அந்த அடுக்கில் மாதக்கணக்கில் ஊறும். மாமாவின் டேங்கிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தபோது, மேலே இளமஞ்சளாகவும் கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாகவும் இரண்டு அடுக்கு தெரிந்தது. மோர் தெளிந்த மாதிரி.

ஆகவே இங்கேயும் உலோகப் பகுதிக்குச் செம்பு நிக்கல் குழாய், பிரேக்கைவிடப் பருமனாக. வளையும் இடங்களில் எத்தனால் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் ஹோஸ். எக்ஸாஸ்டைவிட்டு எவ்வளவு தள்ளிப் போகுமோ அவ்வளவு தள்ளி. மே மாத நெமிலிச்சேரியில் பானட்டுக்கடியில் குழாய் சூடானால் உள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் ஆவியைப் பிசைந்துகொண்டு நிற்கும். இதற்குப் பழைய வைத்தியம், பம்ப்பின் மேல் ஈரத் துணி போடுவது. அபத்தமாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும்.

கடைசியில் பிரேக்குக்கு ஏர் எடுக்கும் வேலை. டாட் 4 புது டப்பா, சீல் உடைத்தது அன்றைக்கே முடிந்துவிட வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்துச் சக்கரம் முதலில், அதாவது பின் இடது. மெக்கானிக் கீழே, காற்றை வெளியேற்றும் நிப்பிளில் ஒரு பிளாஸ்டிக் டியூப், அதன் மறுமுனை கொஞ்சம் திரவம் ஊற்றிய பாட்டிலுக்குள். ஸ்டியரிங் முன்னால் உதவிக்கு வந்த பையன்.

"மிதிடா… மிதி… மிதி… புடி! விட்றாத!"

நிப்பிள் திறக்க, பாட்டிலில் குமிழி பொங்கும்.

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேண்ணே."

நிப்பிளை மூடினார். "இப்ப விடு."

இது சக்கரத்துக்கு இருபது முப்பது தடவை. பெரிய குமிழிகள் முதலில், பிறகு கடுகு கடுகாக, பிறகு ஒன்றுமில்லை. நடுவில் மேலே டப்பா காலியாகிவிட்டால் மறுபடி காற்று புகுந்து எல்லாம் முதலிலிருந்து. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சிந்திய ஒரு சொட்டை நான் துடைக்காமல் விட்டதில், பானட் உள்பக்கம் பத்துப் பைசா அளவுக்குப் பெயிண்ட் கொப்பளித்துவிட்டது. மாமா இன்னும் அதைக் குத்திக்காட்டுகிறார்.

முடிந்ததும் ஓட்டிப் பார்க்கலாம் என்று மாமா மறுபடி சாவியை எடுத்தார். மெக்கானிக் மறுபடி விடவில்லை. பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து, பெடலை அழுத்தியபடி ராத்திரி முழுக்க விட்டார். வண்டிக்கடியில் ஒவ்வொரு இணைப்புக்கும் நேர் கீழே பழைய செய்தித்தாளை விரித்தார்.

காலையில் மூன்று பேரும் முழங்காலிட்டுப் பார்த்தோம். காகிதம் எல்லாம் உலர்ந்திருந்தது. பின் வலது சக்கரத்துக்குக் கீழே மட்டும், வரி விளம்பரப் பக்கத்தின் மேல், கொட்டைப் பாக்கு அளவில் ஈரம். மெக்கானிக் அந்த நட்டைக் கழற்றி, ஃப்ளேரை வெயிலில் பிடித்துப் பார்த்து, "மயிரிழை" என்று சொல்லிவிட்டுக் கட்டரை எடுத்தார்.